மெர்போக் வட்டாரத்துச் சமயங்களும் இனங்களும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோல மூடா மாவட்டத்தில், 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலைக்கும், அலையாத்திக் காடுகளினூடே கடலை அடையும் மெர்போக் ஆற்றுக்கும் இடையே அமைந்த சிற்றூர் மெர்போக். இதனைச் சூழ்ந்த பூஜாங் பள்ளத்தாக்கிலும், செமிலிங், பீடோங், சுங்கைப்பட்டாணி முதலிய ஊர்களிலும், அவற்றிடையே பரந்த தோட்டங்களிலும் மலாய்க்காரர், சீனர், தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எனப் பல இனத்தாரும், இஸ்லாம், பௌத்தம், இந்து, கிறிஸ்தவம் எனப் பல சமயத்தாரும் கலந்து வாழ்கின்றனர். இந்நிலை இரு வேறு காலத்துக் குடியேற்றங்களால் விளைந்தது. அவ்விரண்டையும் ஒரே சரித்திரத்தின் தொடர்ச்சியாகப் பாராட்டும் வழக்கம் நம்மவரிடையே உண்டெனினும், அது தோட்டத்துத் தொழிலாளிக்கு நியாயம் செய்வதாகாது.

முந்தையது கடல் வாணிபத்தால் நேர்ந்தது. தமிழர் கடாரம் எனக் குறித்த இக்கரையில், பருவக் காற்று மாறும் வரையில் கப்பல்கள் காத்து நின்றன. ஐந்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் புத்தகுப்தன் என்னும் மகாநாவிகனின் பௌத்த சாசனம், தெற்கே அடுத்துள்ள செபராங் பிறையில் கிடைத்தது. மெர்போக்கின் புக்கிட் பத்து பகாட்டில், 1936-37இல் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்தறிந்து, பின்னர் அலஸ்டேர் லாம்ப் புனரமைத்த கருங்கல் ஆலயம், விமானமும் மண்டபமும் உடையது. பெங்காலான் பூஜாங்கிலோ சீனத்துப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் ஒரே மண்ணில் கலந்து கிடந்தன. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி என்னும் பௌத்த விகாரத்துக்குச் சைவனாகிய சோழ மன்னன் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்ததும், அவன் மகன் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின் மீதே கப்பற்படை செலுத்தியதும் ஒரே தலைமுறைக்குள் நிகழ்ந்தவை. கெடா அரச வம்சம் இஸ்லாத்தைத் தழுவிய பின்னரும் வாணிபம் நிற்கவில்லை; சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் சுல்தான்களுக்கு வணிக அதிகாரிகளாகவும் விளங்கினர்.

பிந்தையது ரப்பரால் நேர்ந்தது. 1909இல் கெடா சயாமின் மேலாதிக்கத்தினின்று நீங்கிப் பிரிட்டிஷார் பாதுகாப்பின்கீழ் வந்ததும், சில ஆண்டுகளில் ரயில்பாதை அமைந்ததும், காடுகளைத் தோட்டங்களாக்கின. வணிகன் தன் பொருளோடும் தன் விருப்பத்தோடும் வந்தான். தொழிலாளியோ, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி திரட்டிய கூட்டத்தில் ஒருவனாக, வறுமை துரத்த வந்தான். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் பயணத்தைத் தடுக்கும் வரை இக்கங்காணி முறை நீடித்தது.

தோட்டத்தில் இனங்கள் கலந்தன என்பதைவிட அடுக்கப்பட்டன என்பதே பொருந்தும். தோட்ட நிர்வாகியான துரை ஐரோப்பியர், எழுத்து வேலைக்குக் கிராணியாராகப் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழரோ மலையாளியோ, வெளிக்காட்டில் தண்டல் என்னும் மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் பால்மரம் வெட்டுவோர் தமிழரும் தெலுங்கரும், கடைத்தெருவில் சீனர், அருகிலுள்ள கம்பம் என்னும் கிராமத்தில் மலாய்க்காரர். கங்காணியின் கிராமத்து மாரியம்மனும் முனீஸ்வரனும் தொழிலாளர் குடியிருப்பான லயங்களின் ஓரத்தில் கோயில் கொண்டனர். தெலுங்கர் இராமர் பஜனை மடங்களை வைத்துக்கொண்டனர். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் கற்று, ஓரிரு தலைமுறையில் தமிழையே வீட்டு மொழியாக்கினர். திருவிழாவில் ஜாதி பார்த்து மண்டகப்படி வகுத்த தோட்டங்களும் இருந்தன. கடல் கடந்தும் அக்கொடுமை கரையாதது வருந்தத்தக்கதே. ஆயினும் சமயங்களுக்கிடையே வேலி உயர்ந்திருக்கவில்லை. சீனர் மரத்தடிகளில் வழிபடும் டத்தோ கோங், மலாய் முஸ்லிமாகக் கருதப்படும் ஊர்க்காவல் தெய்வமாதலால், அதன் படையலில் பன்றி இறைச்சி விலக்கப்படுகிறது. அயலார் நெறியை மதித்து அதனைத் தம் வழிபாட்டுக்குள்ளேயே ஏற்ற இவ்வழக்கத்தைப் போன்று, இந்நாட்டுச் சமய வாழ்வை விளக்குவது வேறொன்றில்லை.

ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத்துத் தமிழர் பலர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். எஞ்சியோரிடையே எழுந்த புதிய ஊக்கத்தின் வெளிப்பாடாக, 1946-47இல் பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை தோன்றிக் கள்ளுக்கடைகளை எதிர்த்தது. குடியையும் கடனையும் விட்ட தொழிலாளி நிமிர்ந்து பேசத் தொடங்கியதும் நிர்வாகமும் காவல் துறையும் அஞ்சி, இயக்கத்தை ஒடுக்கின.

சுதந்திரத்துக்குப் பின் ஐரோப்பியர் தோட்டங்களைத் துண்டாடி விற்க முற்பட்டபோது, மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, முதன்முதலாகக் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கியது. அப்பேறு எல்லாத் தோட்டங்களுக்கும் வாய்க்கவில்லை. ரப்பர் செம்பனையாகவும், செம்பனை வீட்டுமனையாகவும் மாற, மக்கள் சுங்கைப்பட்டாணி போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தனர். நிர்வாகத்தின் வாய்மொழி அனுமதியில் எழுந்த கோயில்கள் பலவற்றுக்கு நிலப்பட்டா இல்லாமையால், நிலம் கைமாறியதும் அவை இடம் பெயரவோ இடிபடவோ நேர்ந்தது. பழங்கால ஆலயங்களும் இவ்விதிக்குத் தப்பவில்லை: சுங்கை பத்துப் பகுதியில் ஒரு தொன்மையான கோயில் அடித்தளம் நில மேம்பாட்டுக்காக அழிக்கப்பட்ட செய்தி 2013இன் இறுதியில் வெளிவந்ததும், பல இனத்தாரும் ஒருங்கே கண்டனம் தெரிவித்தனர்; பூஜாங் பள்ளத்தாக்கைச் சட்டத்தால் காக்க வேண்டுமென்ற கோரிக்கை அதன்பின் வலுத்தது.