கேமரன் மலைப் பாதையும் ஓர் ஆற்றுப்படையும்

வழியறிந்தவன் வழியறியாதவனுக்கு வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி தமிழ். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளாகவே அமைந்துள்ளன. அவற்றுள் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளால் இயன்றது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர் கூட்டத்திற்கு மலைவழியின் இயல்பை விரித்துரைக்கின்றான். பன்றிக்கு வைத்த பொறிகள் கிடக்கும் இடம், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை, குறவர் குடியிற் கிடைக்கும் விருந்து ஆகிய யாவும் அவன் உரையில் இடம்பெறுகின்றன. போரிற்பட்ட மறவர்க்கு எடுத்த நடுகற்களையும் அவன் மறவாது குறிப்பிடுகின்றான். இடையூறும் உணவும் போலவே இறந்தோர் நினைவும் வழிகாட்டியின் பொறுப்பு என்பது நம் முன்னோர் கொள்கை.

இக்கொள்கையை உள்ளத்திற் கொண்டு, நம் மாணவர்கள் பள்ளி விடுமுறையிற் செல்லும் மலைப்பயணம் ஒன்றை ஈண்டு நோக்குவோம்.

வட செபராங் பிறையிலுள்ள தாசேக் கெலுகோர் தாழ்நிலத்து ஊர். தாசேக் என்பது ஏரி. கெலுகோர் என்பது குழம்பிற்குப் புளிப்பூட்டும் கனியைத் தரும் மரம். நெல்வயலும் ரப்பர் மரமும் செம்பனையும் சூழ்ந்த இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மலை என்றாலே பெரும்பாலும் கேமரன் மலைதான். புக்கிட் மெர்த்தாஜாம், தைப்பிங், ஈப்போ எனத் தெற்கே சென்று, தாப்பாவில் திரும்பினால் மலைப்பாதை தொடங்குகின்றது. வளைவுக்கு மேல் வளைவாக ஏறும் அப்பாதையில் லாத்தா இஸ்கந்தார் அருவி முதலில் வரவேற்கும். பாதையோரத்தில் செமாய் மக்களின் குடியிருப்புகள் தென்படும். பேராக் மாநிலத்தைக் கடந்து பகாங்கிற்குள் நுழைந்ததும் ரிங்லெட். அதனையடுத்துத் தானா ராத்தா, பிரிஞ்சாங். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்திலுள்ளது. பிரிஞ்சாங் மலையுச்சியோ 2,000 மீட்டரையும் விஞ்சி நிற்பது.

சுற்றுலா வழிகாட்டி கூறும் வரலாறு பெரும்பாலும் ஒரு பெயரில் தொடங்குகின்றது. 1885ஆம் ஆண்டு, பேராக்-பகாங் எல்லையை அளக்க அனுப்பப்பட்ட அரசாங்க நில அளவையர் வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தைக் கண்டார் என்பார்கள். உண்மையே. ஆயினும் அவர் தனித்துச் செல்லவில்லை. கூலோப் ரியாவ் என்பவர் அவருடன் சென்றார். மேலும், அக்காடுகளில் செமாய் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். வாழ்பவர் இருக்கும் நிலத்தை ஒருவர் "கண்டுபிடித்தார்" என்று சொல்வது வரலாற்றை ஒரு கண்ணால் மட்டும் பார்ப்பதாகும். கேமரனோ தாம் கண்ட இடத்தைப் படத்தில் தெளிவாகக் குறிக்கவில்லை. ஆகவே அம்மேட்டு நிலம் நாற்பது ஆண்டுகள் அரசினரால் பயன்படுத்தப்படாமலே கிடந்தது.

1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்வையிட்டார். தமிழகத்தில் உதகையும் இலங்கையில் நுவரெலியாவும் ஆங்கிலேயருக்குக் குளிர்வாழிடங்களாக விளங்கியமை போல, மலாயாவிலும் ஒன்று வேண்டும் என்பது அக்கால ஆட்சியாளரின் விருப்பம். 1926ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து சாலை வெட்டும் பணி தொடங்கிற்று. ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பணியில் 500 முதல் 3,000 தொழிலாளர் வரை ஈடுபட்டிருந்தனர். ஓயாத மழை ஒருபுறம். மலேரியாக் காய்ச்சல் மறுபுறம். கனத்த பொறிகளைச் சரிவில் மேலேற்றுவது எல்லாவற்றினும் கடினமாயிற்று. முப்பது இலட்சம் வெள்ளிக்கு மேல் செலவான அச்சாலை 1931இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது.

அக்கால மலாயாவில் சாலை, இருப்புப்பாதை, தோட்டம் ஆகிய மூன்று துறைகளிலும் உழைப்பின் பெரும்பங்கு தென்னிந்தியத் தொழிலாளருடையது. 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியத்தின் துணையோடும், கங்காணிகளின் வழியாகவும் தமிழ்ச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கப்பலேறினர். பினாங்கே அவர்கள் கால்வைத்த முதல் துறைமுகங்களுள் ஒன்று. 1938இல் இந்திய அரசு இத்தகைய உதவிக் குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை இவ்வோட்டம் நிற்கவில்லை.

சாலை மேலேறியதும் தேயிலையும் மேலேறிற்று. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணைநின்றார். காட்டை அழித்து, சரிவுகளில் கன்று நட்டு, முதுகிற் கூடை சுமந்து கொழுந்து பறித்த கைகளுள் தமிழ்க் கைகளே மிகுதி. தாழ்நிலத்து வெப்பத்திற்குப் பழகிய உடல்கள் மூடுபனிக்கும் கொட்டும் மழைக்கும் பழகின. குடியிருப்பு வரிசை எழுந்த இடங்களில் கோயில் எழுந்தது. கோயிலை அடுத்துத் தமிழ்ப்பள்ளி தோன்றிற்று. இன்றும் தானா ராத்தாவிலும் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோயில் விளங்குகின்றது. குறிஞ்சிக் கிழவனுக்கு அயல்நாட்டுக் குறிஞ்சியிலும் இடம் கண்ட நம் மக்களின் மனத்தை இது காட்டுகின்றது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மலைக்குக் கேமரன் பெயர் நிலைத்துவிட்டது. பாதை வெட்டியவர், கொழுந்து பறித்தவர் எவர் பெயரும் அம்மலையின் பேரூர்கள் எதற்கும் இடப்படவில்லை. இன்று தேயிலைத் தோட்டங்களில் அயல்நாட்டுத் தொழிலாளர் பெருமளவில் பணிபுரிகின்றனர். தோட்டத் தமிழர் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். குடியிருப்புகள் கலையும்போது அங்கு வாழ்ந்தோரின் நினைவுகளும் கலைகின்றன. அந்த நினைவுகளை எழுதிவைப்பதற்கு இன்னும் சில ஆண்டுகளே நமக்கு வாய்க்கும்.

மலையும் மாறிவருகின்றது. காய்கறித் தோட்டங்களுக்காகச் சரிவுகள் அளவின்றி வெட்டப்பட்டமையால் மண் அரித்து ஆறுகளில் இறங்குகின்றது. ரிங்லெட்டில் 1963இல் அமைந்த நீர்மின் திட்டத்தின் அணைக்கட்டு நீர்த்தேக்கம் வண்டலால் தூர்ந்து வருகின்றது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் பெருகி உயிர்கள் பலியாயின. மலைபடுகடாத்துக் கூத்தன் வழியின் இடையூறுகளை ஒளிக்கவில்லை. நம் காலத்து வழிகாட்டியும் இவ்விடையூறுகளை ஒளித்தல் ஆகாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரை மலைக்கு அழைத்துச் செல்லுமுன் மலைபடுகடாத்தின் கருத்தை வகுப்பில் எடுத்துரையுங்கள். தாப்பாவில் பேருந்து திரும்பும்போது, இவ்வளைவுகளை மழையிலும் காய்ச்சலிலும் மனிதக் கைகள் வெட்டின என்று சொல்லுங்கள். ஊர் திரும்பியபின் ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு முதியோரிடம், அவர்தம் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தனர், எந்தத் தோட்டத்தில் உழைத்தனர், எந்தச் சாலையில் மண் சுமந்தனர் என்று கேட்டு எழுதிவரட்டும். தாசேக் கெலுகோரில் தொடங்கும் அக்குறிப்பேடுகளே இந்நாட்டுத் தமிழரின் ஆற்றுப்படையாகும். பெயரறியா உழைப்பாளருக்கு நாம் நடக்கூடிய நடுகல்லும் அவையேயாகும்.