புளூகிராஸ் இசைக்கு மாயாபந்தரிலிருந்து ஒரு வாசல்

1925ஆம் ஆண்டு பர்மாவிலிருந்து வந்த கரேன் குடும்பங்கள் அந்தமானின் மாயாபந்தர் அருகே வெபி என்னும் ஊரை அமைத்தன. அக்குடியேறிகள் பெரும்பாலும் பாப்டிஸ்ட் கிறித்தவர்கள். அச்சமயப் பிரிவைப் பர்மாவில் பரப்பியவர்கள் அமெரிக்க மறைப்பணியாளர்கள். அடோனிராம் ஜட்சன் 1813இல் ரங்கூனை அடைந்தார். கரேன் இனத்தின் முதல் கிறித்தவரான கோ தா பியூ 1828இல் திருமுழுக்குப் பெற்றார். மறையோடு மேலை மெட்டில் அமைந்த துதிப்பாடல்களும், பல குரல்கள் இணைந்து பாடும் முறையும் கரேன் மக்களிடம் வேரூன்றின.

மாயாபந்தரின் இப்பின்னணி, புளூகிராஸ் என்னும் அமெரிக்க இசைவகையைப் புதிதாகக் கேட்க முனைவோருக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. கென்டக்கியைச் சேர்ந்த பில் மன்றோ 1939இல் தம் 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவுடன் நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தார். 1945இன் இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் மீட்டும் பேஞ்சோவுடன் வந்து சேர்ந்தபின் அவ்விசை தன் முழு உருவத்தைப் பெற்றது. அதன் வேகத்தை முதன்முதலாகக் கேட்பவர் திகைப்பது இயல்பு. ஆனால் அதே குழுவில் நால்வர் மட்டும் நின்று, பெரும்பாலும் மாண்டலினும் கித்தாரும் மட்டும் துணையாக, துதிப்பாடல் பாடும் மரபும் இருந்தது. தேவாலயப் பாடற்குழுவில் பழகிய செவிக்கு அப்பாடல்களே முதல் படி.

தமிழ்ச் செவிக்கு வேறொரு படி உண்டு. முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையின் மேலை இசை அவர்களுக்கு அறிமுகமாயிற்று. தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்றார். முத்துசாமி தீட்சிதர் தாம் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். சங்கராபரணத்தை ஒட்டிய அந்த நோட்டுஸ்வரங்கள் ஏறத்தாழ நாற்பது. அவற்றுள் 'ஜகதீச குருகுஹ' என்பதன் மெட்டு 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்' என்னும் ஸ்காட்லாந்து ஆடலிசை என்பர். அந்த ரீல் அட்லாண்டிக்கைக் கடந்து 'லெதர் பிரிட்சஸ்' என்ற பெயருடன் அமெரிக்கத் தென்பகுதி வயலின் கலைஞர்களிடம் வழங்கலாயிற்று. புளூகிராஸ் கலைஞர்களும் அதை வாசிக்கின்றனர். ஒரே மெட்டின் ஒரு கிளை மணலியில் தெய்வத்துதியாயிற்று. மறு கிளை அப்பலேச்சிய மலைநாட்டில் ஆடலிசையாகவே வாழ்ந்தது.

இவ்வுறவை அறிந்தவர் நோட்டுஸ்வரத்தை முதலில் பாடிப் பார்த்து, பின் 'லெதர் பிரிட்சஸ்' கேட்பது நலம். மெட்டு தெரிந்தபின் செவி மற்றவற்றைத் தேடத் தொடங்கும். தாளத்தின் அடிகளைத் தாங்கும் பெரிய பாஸ், இடையடிகளில் வெட்டிவிழும் மாண்டலின், இடைவிடாது உருளும் பேஞ்சோ எனத் தனித்தனியே பின்தொடரலாம். ஒருவர் தனியாக வாசிக்கையில் பிறர் அடங்கி நின்று, பின் முறையே தம் வாய்ப்பைப் பெறுவர். கல்பனாஸ்வரத்தில் பாடகரும் வயலின் கலைஞரும் மாறிமாறித் தொடர்வதைக் கேட்டவருக்கு இம்முறை புதிதன்று. மாண்டலினும் உ. ஸ்ரீநிவாஸின் வாசிப்பால் நமக்கு நன்கு பழகிய கருவியே.

எளிய வாசல் வழியே நுழைவதைத் தரக்குறைவாகக் கருதும் மனப்பாங்கு இருபுறமும் உண்டு. நோட்டுஸ்வரங்கள் நெடுங்காலம் சிறுவர் பாடமாக ஒதுங்கிக் கிடந்தன. புளூகிராஸ் வட்டத்திலும் எது தூய மரபு என்ற வழக்கு இன்றுவரை ஓயவில்லை. அம்மரபின் வரலாறோ வேறு கூறுகிறது. பேஞ்சோவின் மூதாதைக் கருவிகள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கரோடு வந்தவை. மாண்டலின் இத்தாலியில் பிறந்தது. மன்றோவின் இளமையை உருவாக்கியவர்களில் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞரும் ஒருவர். அவருடைய வாசிப்பு ஒன்றுகூட ஒலிப்பதிவாக எஞ்சவில்லை. தூய்மையின் பெயரால் வாசலை அடைப்பவர்கள் முதலில் மறப்பது இத்தகையவர்களையே. புதியவர் நோட்டுஸ்வரத்தின் வழியாக வந்தாலும் துதிப்பாடலின் வழியாக வந்தாலும், அந்த மரபு தோன்றிய விதத்திலேயே அதனுள் நுழைகிறார்.