வெடிப்பலா மரமும் சிங்கவால் குரங்கும்

சிவகாசி என்றதும் பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் இவை மூன்றும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே நிற்கும் மலைகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் வெடிப்பலா என்று ஒரு மரம் உண்டு. முள் நிறைந்த அதன் காயைப் பிரித்து விதையைத் தின்னும் விலங்குதான் சிங்கவால் குரங்கு.

கரிய உடல், முகத்தைச் சுற்றி வெண்பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். உலகில் இம்மலைத் தொடரைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. மொத்தமே சில ஆயிரம்தான். ஒரு குட்டி ஈன்ற பிறகு அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதனால் ஒன்று இறந்தாலும் இழப்பு பெரிது.

19ஆம் நூற்றாண்டில் தேயிலைக்கும் காப்பிக்கும் காடுகள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை துண்டு துண்டாகின. இறைச்சிக்காக வேட்டையும் நடந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. திருநெல்வேலி மாவட்டத்தில் 1976இல் களக்காடு சரணாலயம் இக்குரங்குக்காகவே அமைந்தது.

அதே காலத்தில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழா மீது அணை கட்டத் திட்டமிடப்பட்டது. ஆசிரியர்கள், கவிஞர்கள், அறிவியல் ஆர்வலர்கள் எல்லாம் சேர்ந்து எதிர்த்தார்கள். சிங்கவால் குரங்கு அந்தப் போராட்டத்தின் அடையாளமானது. திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அது தேசியப் பூங்கா ஆனது. மக்கள் குரலுக்கு இவ்வளவு வலிமை உண்டு என்று நாடே பார்த்தது.

இன்று வால்பாறையில் நடப்பது இன்னும் சுவையானது. புதுத்தோட்டம் என்ற இடத்தில் தேயிலைக்கு நடுவே நூறு ஹெக்டேர்கூட இல்லாத ஒரு காட்டுத் துண்டு இருக்கிறது. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. சாலை குறுக்கே போவதால் வண்டிகளில் அடிபட்டு இறந்தன. இயற்கைப் பாதுகாப்புக் கழகமும் வனத்துறையும் மரத்துக்கு மரம் பாலம் கட்டின. உள்ளூர் இளைஞர்கள் சாலையில் நின்று, கூட்டம் கடக்கும் வரை வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். தின்பண்டம் வீசும் சுற்றுலாப் பயணிகளிடம் வேண்டாம் என்று எடுத்துச் சொல்கிறார்கள். குரங்குகள் வீட்டுக்குள் புகுந்து சோற்றுப் பானையைக் கவிழ்ப்பதும் உண்டு. அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டுதான் தொழிலாளர் குடும்பங்கள் அவற்றோடு வாழ்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் அமைந்தது. 2021இல் அது மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமானது. அந்த மலைக் காடுகளிலும் சிங்கவால் குரங்கு உண்டு. அடிவாரத்து ஊர்களுக்கு நீர் தரும் ஓடைகளும் அங்கிருந்துதான் இறங்குகின்றன. மழை குறைந்த கந்தக பூமிக்கு அந்த மலையை விட்டால் வேறு நாதியில்லை. குரங்கைக் காப்பது என்பது அது வாழும் காட்டைக் காப்பதுதான். காடு நிலைத்தால் கீழே குடத்திலும் தண்ணீர் இருக்கும்.