பனிக்கடலில் மிதந்த பள்ளி

பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படத்தின் அடிவிளிம்பில் வெண்மையான நிலப்பரப்பு ஒன்று நீண்டு கிடப்பதைக் காணலாம். அதில் நகரங்கள் இல்லை. ஆறுகளின் பெயர்கள் இல்லை. அது யாதென்று மாணவர் வினவினால், "அது அண்டார்க்டிக்கா, அங்கே மக்கள் குடியிருப்பதில்லை" என்று ஒரே வரியில் விடை கூறி ஆசிரியர் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவது வழக்கம். அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்ட நிலத்தைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கென்றே கட்டப்பட்ட சிறு கப்பல் ஒன்று இருந்தது. 38 ஆண்டுகள் அது உலகின் கடல்களில் உலவியது. இறுதியில், தான் காட்டிவந்த பனியாலேயே உடைபட்டு மறைந்தது. அக்கப்பலில் வாழ்க்கை எவ்வாறு நடைபெற்றது, அங்கு மக்கள் கற்றது யாது, இடுக்கண் வந்தபோது அவர்களைக் காத்தது எது என்பவற்றை எண்ணிப் பார்ப்பது கற்பிக்கும் தொழிலுடையார்க்குப் பயன் தருவதாகும்.

கப்பலும் கட்டுவித்தவரும்

லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் 1927-ஆம் ஆண்டு சுவீடனில் பிறந்தவர். பின்னர் அமெரிக்காவில் குடியேறிப் பயண நிறுவனம் ஒன்றை நடத்தினார். தென் துருவக் கடலுக்குப் பயணிகளைக் கொண்டுசென்றவர்களுள் அவர் முதல்வர் அல்லர். அர்ஜெண்டினாவும் சிலியும் 1958-ஆம் ஆண்டளவிலேயே தம் கப்பல்களில் சிலரை அங்கு அழைத்துச் சென்றன. ஆயினும், அப்பயணத்தை ஒரு கல்விமுறையாக ஆக்கிய பெருமை லிண்ட்பிளாடையே சாரும். 1966-ஆம் ஆண்டு, அர்ஜெண்டினக் கடற்படையின் 'லப்பத்தாயா' என்னும் கப்பலை வாடகைக்கு அமர்த்தி, ஐம்பதுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் தெற்கே சென்றார். கண்ணால் கண்டறியாத நிலத்தின்மீது எவருக்கும் பரிவு பிறவாது என்பதும், கண்டவர் அதன் காவலராக மாறுவர் என்பதும் அவர் கொண்ட கொள்கை.

அக்கொள்கைக்காக அவர் கட்டுவித்த கப்பலே 'லிண்ட்பிளாட் எக்ஸ்புளோரர்'. பின்லாந்து நாட்டின் நீஸ்டாட் கப்பல் தளத்தில் 1969-ஆம் ஆண்டு அது கட்டி முடிக்கப்பட்டது. அதே ஆண்டில் தன் முதற் பயணத்தைத் தொடங்கிய 'குயின் எலிசபெத் 2' என்னும் பெருங்கப்பல் 65,000 டன்னுக்கு மேற்பட்டது. எக்ஸ்புளோரரோ சுமார் 2,400 டன். நீளம் 73 மீட்டர் அளவே. ஏறத்தாழ நூறு பயணிகளுக்கே அதில் இடமுண்டு. பனியின் மோதலைத் தாங்குமாறு அதன் உடல் வலுவாக்கப்பட்டிருந்தது. வெண்பனியின் நடுவே தொலைவிலிருந்து பார்த்தாலும் தெரியுமாறு செந்நிறம் பூசப்பட்டிருந்தது. 'சிறிய சிவப்புக் கப்பல்' என்றே கடலோடிகள் அதனைச் செல்லமாக அழைத்தனர்.

கப்பலில் ஒரு நாள்

தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள உசுவாயா என்னும் துறைமுகத்தினின்று இத்தகைய கப்பல்கள் புறப்படுகின்றன. முன்னே கிடப்பது டிரேக் கடல்வழி. சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவு. இரண்டு நாட் பயணம். நிலத்தால் தடைபடாமல் உலகையே சுற்றிவரும் காற்றும் அலையும் அங்கே குறுகிய வாயிலில் நெருக்குண்டு பாய்கின்றன. சிறு கப்பல் இருபுறமும் சாய்ந்தாடும். உணவு மேசையில் தட்டுகள் வழுக்காதிருக்க விரிப்பை நீரால் நனைத்து வைப்பர். நடப்பவர் ஒரு கையை எப்பொழுதும் கைப்பிடிக் கம்பிக்கே ஒதுக்கிவைத்தல் வேண்டும். ஊரில் எத்துணைச் செல்வராயினும், அவ்விரண்டு நாளும் படுக்கையில் சுருண்டு கிடப்பதில் அனைவரும் சமமே!

கடல்வழியைக் கடந்து பனிப்பாறைகளைக் கண்டதும் கப்பல் பள்ளியாகிவிடுகிறது. காலையில் ஒலிபெருக்கியில் எழும் குரலே பள்ளி மணி. உணவு முடிந்ததும் பயணிகள் சிவப்பு நிறக் குளிர்சட்டையும் முழங்கால் வரையிலான ரப்பர்க் காலணியும் அணிந்து வரிசையில் நிற்பர். கிருமிநாசினி கலந்த நீரில் காலணியைக் கழுவாமல் எவரும் இறங்குதல் கூடாது. ஓரிடத்து விதையோ நோயோ மற்றோரிடத்திற்குச் செல்லாதிருப்பதற்காகவே இக்கட்டுப்பாடு. இறங்கும் வாயிலருகே எண் பொறித்த வில்லைகள் தொங்கும் பலகை ஒன்று இருக்கும். கரைக்குச் செல்பவர் தம் வில்லையைத் திருப்பிவைப்பர். மீண்டு வந்ததும் முன்போல் மாற்றுவர். திருப்பிய நிலையில் ஒரு வில்லை எஞ்சியிருப்பினும் கப்பல் நகராது. ஆசிரியர் கையிலுள்ள வருகைப் பதிவேடு செய்யும் வேலையை அங்கே அந்தப் பலகை செய்கின்றது.

கரைக்குக் கொண்டுசெல்வது 'சோடியாக்' எனப்படும் காற்றடைத்த ரப்பர்ப் படகு. ஒரு படகில் பத்துப் பன்னிருவர் ஏறலாம். துறைமுகம் இல்லாத கரையிலும் இறங்குவதற்கு இப்படகு உதவிற்று. சிறு கப்பலின் பெருங்கருவி இதுவே என்னலாம். கரையில் ஆயிரக்கணக்கான பெங்குவின் பறவைகள் கூழாங்கற்களை அடுக்கிக் கூடு கட்டிக்கொண்டிருக்கும். அவற்றிற்கு ஐந்து மீட்டருக்குள் நெருங்குதல் கூடாது. பறவை தானே நெருங்கி வந்தால் மனிதர் அசையாது நிற்றல் வேண்டும். வழியில் பறவை குறுக்கிட்டால் வழிவிட வேண்டியவர் மனிதரே.

மாலையில் அனைவரும் விரிவுரைக் கூடத்தில் கூடுவர். அன்று கண்டவை எவை, அவை ஏன் அவ்வாறு உள்ளன என்பவற்றை அறிஞர்கள் விளக்குவர். எக்ஸ்புளோரரில் அவ்வாறு விரிவுரையாற்றியவர்கள் எளியவர்கள் அல்லர். தென் துருவத்தை அடைந்து, மீளும் வழியில் 1912-ஆம் ஆண்டு உயிர்நீத்த கப்டன் ஸ்காட்டின் மைந்தரும், உலக வனவிலங்கு நிதியத்தை நிறுவியோருள் ஒருவருமான பீட்டர் ஸ்காட் அவர்களுள் ஒருவர். பறவைகளை இனங்காணும் கையேட்டை 1934-ஆம் ஆண்டில் வெளியிட்ட ரோஜர் டோரி பீட்டர்சன் மற்றொருவர். இத்தகையோரிடம் நேரில் பாடங்கேட்பதே அக்கப்பல் தந்த மெய்யான சொகுசு. மென்மையான மெத்தையும் நல்லுணவும் நகர விடுதிகளிலும் கிடைப்பனவே அன்றோ?

அச்சொகுசை இயங்கச் செய்தோரையும் மறத்தல் கூடாது. சமையற்காரர், அறை துப்புரவு செய்வோர், இயந்திர அறையில் எண்ணெய் படிந்த உடையுடன் நிற்போர், கடல் நீரை நன்னீராக்குவோர் ஆகிய இவர்கள் பயணிகள் துயிலும்போதும் விழித்திருந்தனர். எக்ஸ்புளோரரின் இறுதிப் பயணத்தில் பயணிகள் 91 பேர்; கப்பல் ஊழியர் 54 பேர்; வழிகாட்டிகள் 9 பேர். பயணியர் மூவருக்குப் பணியாளர் ஏறக்குறைய இருவர் என்னும் கணக்கு இதனால் விளங்கும்.

இக்கல்வி யாருக்கு?

இங்கே ஒரு வினா எழுகின்றது. இத்தகைய கல்வியை விலை கொடுத்து வாங்க வல்லவர் செல்வர் மட்டுமே. அவ்வாறாயின், மனித குலத்திற்குப் பொதுவான நிலத்தைச் சிலர் மட்டும் கண்டு களிப்பது முறையாகுமா?

இதனை ஒத்த வினாவை உலக அரங்கில் எழுப்பிய நாடு மலேசியாவே என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. 1982-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் அந்நாளையப் பிரதமர் டாக்டர் மகாதீர், அண்டார்க்டிக்கா ஒருசில நாடுகளின் உடைமையாதல் தகாது. அது உலக மக்கள் அனைவருக்கும் உரியது என வாதிட்டார். 1959-ஆம் ஆண்டில் பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படியே அந்நிலம் ஆளப்பட்டு வந்தது. நெடுநாள் வாதத்திற்குப் பின் 2011-ஆம் ஆண்டு மலேசியாவும் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. செல்ல இயலாதவனுக்கும் அந்நிலத்தில் உரிமையுண்டு என்பதே அவ்வாதத்தின் சாரம். உரிமையுண்டாயின் கடமையும் உண்டு. சென்றவன் தான் கண்டதைச் செல்லாதவனுக்கும் காத்து வைத்தல் வேண்டும்.

மூன்று இடுக்கண்கள்

சிவப்புக் கப்பல் இடுக்கண் அறியாத கப்பல் அன்று. 1972-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிங் ஜார்ஜ் தீவருகே தரைதட்டியது. அப்பொழுது லிண்ட்பிளாடே கப்பலில் இருந்தார். சிலி நாட்டுக் கடற்படை வந்து அனைவரையும் மீட்டது. 1979-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று வீன்க்கித் தீவருகே மீண்டும் தரைதட்டியது. அம்முறை பயணிகளை ஏற்றிச்சென்ற சிலியின் கப்பலுக்குப் 'பிலோட்டோ பார்டோ' என்று பெயர்.

அப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1915-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் ஷேக்கில்டனின் 'எண்டூரன்ஸ்' கப்பல் பனியால் நொறுக்குண்டு மூழ்கியது. அதில் சென்றவர்களுள் 22 பேர் எலிபெண்ட் தீவில் நான்கரைத் திங்கள் காத்துக் கிடந்தனர். மூன்று முறை முயன்றும் ஷேக்கில்டனால் அவர்களை அணுக முடியவில்லை. 1916-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள், 'யெல்ச்சோ' என்னும் சிறு நீராவிக் கப்பலைச் செலுத்திச் சென்று அவர்களை மீட்டவர் லூயிஸ் பார்டோ என்னும் சிலி நாட்டு மாலுமி. அவர் நினைவாகப் பெயரிடப்பட்ட கப்பலே 63 ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கூட்டத்தாரைக் காத்தது.

மூன்றாம் இடுக்கண் 2007-ஆம் ஆண்டில் வந்தது. உரிமையாளர் பலர் கைமாறி, 'எக்ஸ்புளோரர்' என்ற பெயருடன் மட்டும் வழங்கிய அக்கப்பல், ஷேக்கில்டன் சென்ற வழியைப் பின்பற்றிச் சென்றுகொண்டிருந்தது. நவம்பர் 23-ஆம் நாள், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், கிங் ஜார்ஜ் தீவுக்கு அப்பாலுள்ள கடலில் பனி அதன் உடலைக் கிழித்தது. நீர் புகுந்தது, இறைத்தும் அடங்கவில்லை. மின்சாரம் அணைந்தது. எண்டூரன்ஸ் மூழ்கி 92 ஆண்டும் இரண்டு நாளும் ஆகியிருந்தன.

154 பேரும் உயிர்காப்புப் படகுகளிலும் ரப்பர்ப் படகுகளிலும் இறங்கினர். செல்வரும் சமையற்காரரும் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்தனர். பல மணி நேரம் குளிரில் மிதந்தனர். நல்வினையாக அன்று கடல் பெரிதும் சீறவில்லை. காலையில் 'நோர்ட்நோர்கே' என்னும் நார்வே நாட்டுப் பயணிக் கப்பல் வந்து சேர்ந்தது. 154 பேரையும் ஏற்றிக்கொண்டது. ஓர் உயிரும் போகவில்லை. சாய்ந்து கிடந்த சிவப்புக் கப்பல் அன்றே ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் அமிழ்ந்தது.

விபத்து உரைத்த பாடம்

அக்கப்பல் லைபீரியாவின் கொடியின்கீழ்ப் பதிவு பெற்றிருந்தது. ஆகவே அந்நாட்டு அதிகாரிகள் விசாரித்து 2009-ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டனர். கப்பல் தலைவர் பால்டிக் கடலின் பனியில் பழகியவர். ஓராண்டுப் பனி எனக் கருதி அவர் நுழைந்த இடத்தில் இருந்ததோ நிலத்துப் பனி என்று அறிக்கை கூறியது. இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் தன்மையில் வேறானவை. கடல் நீர் ஓராண்டில் உறைந்து உண்டாகும் பனியில் உப்பு நீர் சிக்கியிருக்கும். ஆதலின் அது சற்று மென்மையானது. நிலத்தில் நூற்றாண்டுக் கணக்காகப் பொழிந்து, இறுகி, பனியாறாக வழிந்து கடலில் உடைந்து வீழும் பனியோ கல்லை ஒத்தது.

பனியைப் படிக்கக் கற்பித்த கப்பல், பனியைத் தவறாகப் படித்தமையால் அழிந்தது. ஒரு வகுப்பில் வெற்றி கண்ட முறையை மற்றொரு வகுப்பில் ஆராயாது பயன்படுத்தி இடர்ப்பட்ட ஆசிரியர் எவரும் இதனை எளிதில் உணர்வர். அறியாமையால் வரும் பிழை ஒன்று. அறிவு இடம் மாறிப் பயன்படுவதால் வரும் பிழை வேறொன்று. பின்னதே கண்டுபிடித்தற்கு அரியது.

இன்னொரு துயரமும் உண்டு. சுமார் 185,000 லிட்டர் டீசல் எண்ணெய் அக்கப்பலுடன் கடலுள் சென்றது. தூய்மையாக வைத்திருக்கவேண்டும் என்று எந்தக் கடலைக் காட்டி மக்களுக்குக் கற்பித்ததோ, அந்தக் கடலிலேயே தன் அழுக்கை விட்டுச் சென்றது. கண்டவர் காவலராவர் என்னும் லிண்ட்பிளாடின் கொள்கை பொய்த்துவிட்டதா?

முற்றும் பொய்த்ததென்று கூறுவதற்கில்லை. 1991-ஆம் ஆண்டிலேயே ஏழு பயண நிறுவனங்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, ஓரிடத்தில் ஒரே வேளையில் நூறு பேருக்குமேல் கரையிறங்கக்கூடாது எனத் தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டன. 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் அக்கடலில் கனமான எரியெண்ணெய் பயன்படுத்துவது தடுக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டு துருவக் கடல்களில் செல்லும் கப்பல்களுக்கென்று தனிச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. எனினும் 1990-களின் தொடக்கத்தில் பருவத்திற்கு ஏழாயிரத்தைத் தாண்டாத பயணிகள் தொகை, இந்நாளில் ஒரு லட்சத்தைக் கடந்துவிட்டது. ஹெலிகாப்டரும் சிறு நீர்மூழ்கியும் கொண்ட சொகுசுக் கப்பல்களும் இன்று அங்கே செல்கின்றன. காண்பவர் பெருகிய அளவுக்குக் காப்பவரும் பெருகினரா என்பதே இன்றைய வினா.

1916, 1979, 2007 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பனிக்கடலில் உயிர்களைக் காத்தது உதவிக்கு ஓடிவந்த மற்றொரு கப்பல். அது வந்து சேரும்வரை காத்தது ஒழுங்கு. வில்லையைத் திருப்பி வைத்தல், வரிசையில் நிற்றல், எண்ணிப் பார்த்தல் ஆகிய சின்னஞ்சிறு பழக்கங்களே அவ்வொழுங்கின் வேர்கள். இவை பள்ளிக்கூடத்தின் முதல் வகுப்பில் கற்பிக்கப்படுவன. பள்ளிச் சுவரின் உலகப் படத்தில் வெண்மையான அடிவிளிம்பை இனி ஒரு மாணவன் சுட்டிக்காட்டுவானாயின், ஒரு வரியோடு நில்லாமல் அவனுக்குச் சிவப்புக் கப்பலின் கதையையும் கூறலாம்.