செப்டம்பர் கணக்கு

அமெரிக்காவில் செப்டம்பர் மாதம் இரண்டு விளையாட்டுகளுக்குச் சொந்தம். வசந்தத்தில் தொடங்கிய பேஸ்பால் கடைசிச் சில வாரங்களில் நிற்கும். பட்டியலில் முதலிடம் யாருக்கு என்பதே அன்றாடப் பேச்சாக இருக்கும். அதே நாட்களில், பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடர் தன் முதல் ஆட்டங்களை ஆடிக்கொண்டிருக்கும். ஒன்றில் ஐந்து மாத உழைப்புக்குத் தீர்ப்பு எழுதப்படுகிறது. மற்றதில் ஒரே ஓர் ஆட்டம் தோற்றதற்கே ஊர் கலங்கிப்போகிறது. இந்தப் பரபரப்பு அந்தந்த ஆட்டத்தின் பிறவிக்குணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் இரண்டுமே அட்டவணை வகுத்தவர்கள் உண்டாக்கியவை என்று தெரிகிறது. குறைந்த ஆட்டங்களே ஆடும் கால்பந்து தன் குறை தீர ஒரு மருந்தைக் கண்டுபிடித்தது. அந்த நோயே இல்லாத பேஸ்பால் அதே மருந்தை வாங்கிக் குடித்து, நூறாண்டுக்கு மேல் தன்னிடமிருந்த மிகப் பெரிய சொத்தை இழந்தது. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

1876-இல் பேஸ்பாலின் நேஷனல் லீக் எட்டு அணிகளோடு தொடங்கியபோது, யார் யாரோடு எந்தத் தேதியில் ஆடுவது என்பதை அணிகளே தமக்குள் பேசி முடிவு செய்துகொண்டன. முதலாண்டிலேயே அதன் ஆபத்து வெளிப்பட்டது. நியூயார்க்கின் மியூச்சுவல்ஸும் பிலடெல்பியாவின் அத்லெட்டிக்ஸும் பட்டியலில் பின்தங்கியதும், கையில் பணமும் இல்லாமல், மேற்குப் பக்கம் போய் ஆட வேண்டிய கடைசிப் பயணத்தைக் கைவிட்டன. அந்தக் குளிர்காலத்தில் லீகின் தலைவரான சிகாகோவின் வில்லியம் ஹல்பர்ட், நாட்டின் இரு பெருநகரங்களின் பெயரைத் தாங்கிய அந்த அணிகளைத் தயங்காமல் விலக்கினார். வருமானம் போகும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. அடுத்த ஆண்டு முதல் அட்டவணையை லீகே வகுத்தது. தோற்கும் அணியும் கடைசி நாள்வரை ஆடியாக வேண்டும் என்ற கட்டாயம் வந்த பிறகுதான் முதலிடத்துக்கான பந்தயம் என்ற ஒன்றுக்கே பொருள் வந்தது.

அந்தப் பந்தயத்தின் உச்சம் 1908. நேஷனல் லீகில் சிகாகோ கப்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் மூன்றும் கடைசி வாரம்வரை ஒட்டிக்கொண்டே வந்தன. செப்டம்பர் 23 அன்று போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் கப்ஸும் ஜயன்ட்ஸும் 1-1 என்ற சமநிலையில் ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதியில் இருந்தன. இரண்டு பேர் அவுட். மூன்றாம் பேஸில் ஒரு ஜயன்ட்ஸ் வீரர். முதல் பேஸில் 19 வயது ஃப்ரெட் மெர்க்கல். அல் பிரிட்வெல் அடித்த பந்தில் மூன்றாம் பேஸிலிருந்தவர் ஓடி வந்து வெற்றி ரன்னை எடுத்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்த மெர்க்கல், இரண்டாம் பேஸைத் தொடாமலே வீரர்களின் அறையை நோக்கித் திரும்பிவிட்டார். அப்படித் திரும்புவது அன்று எல்லோரும் செய்ததுதான். ஆனால் விதிப்படி அவர் தொட்டிருக்க வேண்டும். கப்ஸின் ஜானி எவர்ஸ் ஒரு பந்தை வாங்கி இரண்டாம் பேஸை மிதித்து முறையிட்டார். சில வாரங்களுக்கு முன் பிட்ஸ்பர்க்கில் எவர்ஸ் செய்த இதே முறையீட்டை ஏற்க மறுத்த அதே அம்பயர் ஹேங்க் ஓ'டே, இம்முறை மெர்க்கல் அவுட் என்றார். ரன் செல்லாது, ஆட்டம் சமன். தொடரின் முடிவில் கப்ஸும் ஜயன்ட்ஸும் 98 வெற்றி, 55 தோல்வி என்று சமமாக நிற்க, அக்டோபர் 8 அன்று அந்த ஆட்டம் மறுபடி ஆடப்பட்டது. கப்ஸ் 4-2 என்று வென்றது. 98 ஆட்டங்களை வென்றும் ஜயன்ட்ஸுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

மெர்க்கலின் கதையைப் பலரும் ஓர் இளைஞனின் தவறாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். அவருக்கு அது ஆயுள் முழுவதும் சுமையாக இருந்தது. ஆனால் அதே ஆண்டு பேஸ்பாலின் மற்றொரு பெரிய லீகான அமெரிக்கன் லீகில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் வேறாகத் தெரியும். அங்கே டெட்ராய்ட் டைகர்ஸ் 90 வெற்றி, 63 தோல்வி. கிளீவ்லாந்து 90 வெற்றி, 64 தோல்வி. மழையில் நின்றுபோன ஓர் ஆட்டத்தை டெட்ராய்ட் திரும்ப ஆட வேண்டியிருக்கவில்லை, விதி அப்படி. அதை ஆடித் தோற்றிருந்தால் இரு அணிகளும் சமம். ஒரு லீகில் ஆட்டத்தை மறுபடி ஆடச் செய்ததால் பட்டம் முடிவானது. மற்றதில் மறுபடி ஆடாததால் முடிவானது. முதலிடத்தைத் தீர்மானிக்கக்கூடிய ஆட்டம் நின்றுபோனால் திரும்ப ஆடியே ஆக வேண்டும் என்ற விதி அதன் பிறகு வந்தது. வீரர்களின் திறமைக்கு நிகராக விதிப்புத்தகமும் அந்த ஆண்டு களத்தில் நின்றது. அத்தனைக்கும் அடியில் இருந்தது ஒரே ஏற்பாடு: இரு லீகின் முதலிடத்தாரும் மோதும் உலகத் தொடரில் லீகுக்கு ஓர் இடம், இரண்டாமவருக்கு எதுவும் இல்லை.

தொழில்முறைக் கால்பந்து இந்த ஏற்பாடு இல்லாமல் பிறந்தது. 1920 செப்டம்பர் 17 அன்று ஒஹாயோவின் கேன்டன் நகரில், ரால்ஃப் ஹே என்பவரின் கார் விற்பனைக் கூடத்தில் கூடிச் சங்கம் தொடங்கியவர்கள், பெயருக்காக ஜிம் தோர்ப்பைத் தலைவராக்கினார்கள். அட்டவணை வகுக்கவில்லை. அணிகள் விருப்பப்பட்டவர்களோடு விருப்பப்பட்ட அளவு ஆடின. முதலாண்டுப் பட்டத்தை ஆக்ரான் அணிக்குக் கொடுத்தது அடுத்த ஏப்ரலில் கூடிய கூட்டம். 1925-இல் சிகாகோ கார்டினல்ஸை அதன் ஊரிலேயே 21-7 என்று வீழ்த்தியது, பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊரான பாட்ஸ்வில்லின் அணி. உடனே கார்டினல்ஸ் அவசரமாக இன்னும் இரண்டு ஆட்டங்களைச் சேர்த்துக்கொண்டது. அதில் ஒன்றில் எதிரணியான மில்வாக்கிக்காகப் பள்ளி மாணவர்கள் களமிறங்கினார்கள். பாட்ஸ்வில்லோ வேறோர் அணியின் எல்லைக்குள் காட்சி ஆட்டம் ஆடியதாக விலக்கப்பட்டது. பட்டம் சிகாகோவின் பெயரில் பதிவாயிற்று. பாட்ஸ்வில் அதை இன்றுவரை ஏற்கவில்லை, அந்த ஊரின் பக்கம் நியாயம் இருக்கிறது. 1932-இல் சிகாகோ பேர்ஸும் போர்ட்ஸ்மவுத்தும் சமமாக முடிக்க, பனியும் குளிரும் தாங்காமல் உள்ளரங்கத்தில் 80 கெஜ நீளக் களத்தில் ஒரு தீர்ப்பு ஆட்டம் வைத்தார்கள். போர்ட்ஸ்மவுத்தின் நட்சத்திரமான டச் கிளார்க் வரவில்லை; கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலை அவருக்கு அதைவிட முக்கியமாக இருந்தது. 9-0 என்று தோற்ற போர்ட்ஸ்மவுத், அந்த ஆட்டமும் பட்டியலில் சேர்ந்ததால் மூன்றாமிடத்துக்கே போனது. ஆனாலும் அந்த ஆட்டத்துக்கு எழுந்த ஆர்வம் லீகின் கண்ணைத் திறந்தது. 1933 முதல் லீக் இரு பிரிவானது. பிரிவுக்கு ஒருவராக இருவர் மோதும் இறுதியாட்டம் நிலைத்தது. 1936-இல்தான் எல்லா அணிகளும் முதன்முறையாக ஒரே எண்ணிக்கையில் ஆட்டங்கள் ஆடின.

அந்நாளில் கால்பந்து பேஸ்பாலின் குடக்கூலிக்காரன். பேர்ஸ் 1921 முதல் 1970 வரை ரிக்லி ஃபீல்டில் ஆடியது. கப்ஸை (கரடிக்குட்டிகள்) ஒட்டியே பேர்ஸ் (கரடிகள்) என்ற பெயரை வைத்துக்கொண்டது. நியூயார்க்கின் கால்பந்து அணியும் ஜயன்ட்ஸ் ஆயிற்று, பிட்ஸ்பர்க்கின் அணியும் முதலில் பைரேட்ஸ்தான். செப்டம்பரில் மைதானம் முதலில் பேஸ்பாலுக்கு, மிஞ்சியது கால்பந்துக்கு. அந்த முறையின் எச்சம் வெகுகாலம் ஓடியது. முந்தைய ஆண்டின் வாகையர் சொந்த ஊரில் புதிய தொடரைத் தொடங்குவது வழக்கமாகியிருந்தும், 2013-இல் பால்டிமோர் ரேவன்ஸ் டென்வருக்குப் போய்த் தொடங்க வேண்டியிருந்தது; அதே இரவில் பக்கத்து மைதானத்தில் ஓரியோல்ஸின் பேஸ்பால் ஆட்டம் இருந்தது.

இந்தக் குடித்தனத்திலிருந்து கால்பந்தை எழுப்பியவர்களில் பெர்ட் பெல்லுக்குத் தனி இடம் உண்டு. 1946 முதல் 1959-இல் இறக்கும்வரை லீகின் ஆணையராக இருந்த அவர், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டொமினோ கட்டைகளைப் பரப்பி அட்டவணை போட்டவர். தொடரின் ஆரம்ப வாரங்களில் பலமான அணியைப் பலமானதோடும் நலிந்ததை நலிந்ததோடும் மோதவிட்டார். இப்படிச் செய்தால் எந்த ஊரின் நம்பிக்கையும் முதல் மாதத்திலேயே செத்துவிடாது. பட்டியல் நெருக்கமாகவே நகரும். செப்டம்பர் மாதக் கால்பந்தின் ‘ஆச்சரியங்களில்’ ஒரு பகுதி இப்படி மேசையில் தயாரானதுதான். கணக்கும் அதற்குத் துணை நின்றது. இன்று கால்பந்து அணி ஆடுவது 17 ஆட்டங்கள், பேஸ்பால் அணி 162. கால்பந்தில் ஒரு தோல்வி என்பது பேஸ்பாலில் ஒன்பது பத்து ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்பதற்குச் சமம். இரண்டு வாரத்தில் இரண்டு தோல்வி வந்தால் ஊர் பதறுவதில் வியப்பில்லை. ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: இவ்வளவு குறைந்த ஆட்டங்களை வைத்து எது சிறந்த அணி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே கால்பந்துக்கு, தொடர் முடிந்தபின் முன்னணி அணிகள் மோதும் பிளே-ஆஃப் நிஜமாகவே தேவை. 1970-இல் கால்பந்தின் இரு லீகுகள் இணைந்தபோது, பிரிவில் முதலிடம் பெறாத சிறந்த அணிக்கும் ‘வைல்டு கார்டு’ என்ற வாசல் திறக்கப்பட்டது சரியான முடிவு. 1972-இல் அமெரிக்கர்களின் விருப்ப விளையாட்டு எது என்ற கேலப் கணிப்பில் கால்பந்து பேஸ்பாலை முந்தியது. அதன்பின் கடன் வாங்கும் திசை மாறிவிட்டது.

பேஸ்பால் அந்த வாசலைத் தன் வீட்டிலும் திறக்க முடிவெடுத்தது 1993 செப்டம்பரில். உரிமையாளர்கள் 27-க்கு 1 என்று வாக்களித்தார்கள். எதிர்த்த ஒரே வாக்கு டெக்சஸ் ரேஞ்சர்ஸின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுடையது, பின்னாளில் அதிபரானவர். அந்த வாரங்களிலேயே, அவர்கள் எதை விற்கிறார்கள் என்பது களத்தில் தெரிந்துகொண்டிருந்தது. நேஷனல் லீகின் மேற்குப் பிரிவில் ஜூலையில் 10 ஆட்டங்கள் பின்தங்கியிருந்த அட்லான்டா பிரேவ்ஸ், கடைசி நாளில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸோடு சமமாக நின்றது. பிரேவ்ஸ் வென்று 104-க்கு வந்தது. ஜயன்ட்ஸ் தோற்று 103-இல் நின்று வெளியேறியது. மூன்றே ஆண்டில், 1996-இல், அதே பிரிவில் சான் டியேகோவும் லாஸ் ஏஞ்சலஸும் கடைசி நாளில் சமமாக மோதின. இம்முறை இருவருக்கும் அடுத்த சுற்று உறுதி. லாஸ் ஏஞ்சலஸ் தன் பிட்சர் ரமோன் மார்டினெஸை ஒரே இன்னிங்ஸோடு எடுத்துவிட்டது. அடுத்த சுற்றுக்கு அவர் களைப்பில்லாமல் வேண்டும். முதலிடத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம் பயிற்சி ஆட்டம் ஆகிவிட்டது.

மறுப்புகள் உண்டு, அவை வலுவானவை. பழைய முறையில் ஒவ்வொரு செப்டம்பரும் 1908 ஆக இருக்கவில்லை. 1949 முதல் 1964 வரையிலான 16 ஆண்டுகளில் 14 முறை அமெரிக்கன் லீக் பட்டம் நியூயார்க் யாங்கீஸுக்கே போனது. பல ஊர்களுக்கு ஜூலையிலேயே ஆண்டு முடிந்துவிடும். வைல்டு கார்டு அந்த ஊர்களுக்குச் செப்டம்பரைத் திருப்பிக் கொடுத்தது உண்மை. ஆனால் அந்தக் குறைக்குப் பதில் 1969-இலேயே கிடைத்துவிட்டது: லீகை இரண்டாகப் பிரித்துப் பிரிவுக்கு ஒரே இடம். அது நம்பிக்கையைப் பரப்பியது, முடிவின் கூர்மையையும் காத்தது. 1993-இன் பந்தயமே அந்த ஏற்பாட்டில் விளைந்ததுதான். 103 வெற்றி பெற்ற அணியை வெறுங்கையோடு அனுப்புவது அநியாயம் என்பது அடுத்த மறுப்பு. மிகச் சிறந்த பேஸ்பால் அணியே பத்தில் மூன்று நான்கு ஆட்டம் தோற்கும். ஐந்து ஆட்டத் தொடரில் அதிர்ஷ்டம் ஆளும். 162-இல் அது பெரும்பாலும் கரைந்துவிடும். 2021-இல் 107 வென்ற ஜயன்ட்ஸ், 106 வென்று வைல்டு கார்டாக வந்த டாட்ஜர்ஸிடம் ஐந்து ஆட்டத் தொடரில் வீழ்ந்தது. ஆறு மாதம் முந்தி நின்றவரை ஒரு வாரத்தில் வெளியேற்றுவது எந்த வகையில் கூடுதல் நியாயம்?

எல்லாவற்றையும்விடப் பெரிய மறுப்பு 2011 செப்டம்பர் 28. அன்றிரவு டாம்பா பே, யாங்கீஸிடம் 0-7 என்று பின்தங்கியிருந்து மீண்டு ஈவன் லாங்கோரியாவின் ஹோம் ரன்னால் வென்றது. செப்டம்பர் தொடக்கத்தில் வைல்டு கார்டுப் பந்தயத்தில் 9 ஆட்டங்கள் முன்னணியில் இருந்த பாஸ்டன், பால்டிமோரிடம் தோற்று வெளியேறியது. அட்லான்டாவும் 13 இன்னிங்ஸ் ஆடி வீழ, உள்ளே நுழைந்த செயின்ட் லூயிஸ் கடைசியில் உலகத் தொடரையே வென்றது. வைல்டு கார்டு தந்த இரவுதான் அது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த இரவை உண்டாக்கியது லீகுக்கு ஓர் அணி நிச்சயம் வெளியேறும் என்ற கட்டாயம். அடுத்த ஆண்டே லீக் இரண்டாவது வைல்டு கார்டைச் சேர்த்தது. அந்த விதி ஓராண்டு முன்பே வந்திருந்தால் பாஸ்டன், டாம்பா, அட்லான்டா, செயின்ட் லூயிஸ் நான்கும் அன்று மாலையே உள்ளே இருந்திருக்கும். 2022 முதல் லீகுக்கு ஆறு அணிகள். சமநிலையை உடைக்க ஆடும் கூடுதல் ஆட்டமும், 1978-இல் யாங்கீஸ் வீரர் பக்கி டென்ட்டின் ஹோம் ரன்னைத் தந்த அந்த வகை ஆட்டம், அதோடு நீக்கப்பட்டது. இப்போது பழைய முடிவுகளைக் கூட்டிப் பார்த்து இடம் ஒதுக்குகிறார்கள்.

பேஸ்பால் 30 அணிகளிலிருந்து 32 ஆக விரியும் என்ற பேச்சு சில ஆண்டுகளாக இருக்கிறது. விரிந்தால், எட்டு எட்டாக நான்கு பிரிவு வகுத்துப் பிரிவுக்கு ஓர் இடம் என்று முடித்துவிடலாம். மெர்க்கல் ஆடிய லீகிலும் எட்டு அணிகளே இருந்தன. அதற்கு உரிமையாளர்கள் இரண்டு பிளே-ஆஃப் சுற்றுகளின் தொலைக்காட்சிப் பணத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். நியூயார்க்கையும் பிலடெல்பியாவையும் இழந்தாலும் பரவாயில்லை என்று ஹல்பர்ட் விட்டுக்கொடுத்தது அன்றைய கணக்கில் அதைவிடச் சிறிய தொகை அல்ல.