பூக்க மறுத்த டென்ட்ரோபியமும் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெப்பமண்டல நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஆர்க்கிட் செடிகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் மடிந்துபோயின. பிழைத்தவற்றுள்ளும் பல, ஆண்டுதோறும் புதுத் தண்டும் இலையும் விட்டுக் கொழுத்து வளர்ந்தனவே தவிர, பூக்கவில்லை. மடிந்த செடிக்குக் காரணம் தேடுவது எளிது. செழித்து நின்றும் பூக்காத செடிக்குக் காரணம் தேடுவது கடினம். இந்த இரண்டாவது புதிரை மிகுதியாக முன்வைத்த பேரினங்களுள் ஒன்று டென்ட்ரோபியம். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் 1799-இல் வகுத்த இப்பேரினத்தில் இன்று 1,500-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. இமயமலைச் சரிவுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் தொடங்கி, ஜப்பான், நியூகினி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை அவை பரவியுள்ளன. பனி படியும் மலையிலும் ஆண்டு முழுதும் வெக்கை மாறாத கடலோரத்திலும் வாழும் இனங்களை ஒரே பேரினம் உள்ளடக்கியிருப்பதால், அவை அனைத்துக்கும் பொருந்தும் ஒரே வளர்ப்பு முறை இருக்க இயலாது. இந்த எளிய உண்மையைத் தோட்டக்கலை உணர்ந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இப்பேரினத்தின் செடிகளில் பெரும்பாலானவை மரவாழ் தாவரங்கள். அதாவது, மரத்தின் பட்டையைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தாலும் அம்மரத்தின் சாற்றை உறிஞ்சாமல், மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் பட்டையில் தங்கும் மக்கையும் மட்டுமே கொண்டு பிழைப்பவை. அவற்றுள் வீட்டுக்குள் வளர்ப்போரின் கையை விட்டு இன்றுவரை நீங்காமல் இருப்பது டென்ட்ரோபியம் நோபிலே. சிக்கிமின் மாநில மலராக விளங்கும் இவ்வினம் இமயமலை அடிவாரத்திலும் காசி மலைகளிலும் தென்சீனத்திலும் இயல்பாக வளர்கிறது. கோடைமழை தொடங்கும்போது இதன் அடியிலிருந்து புதுத் தளிர் கிளம்பி, மழைக்காலம் முடிவதற்குள் கணுக்கணுவாக நீண்டு சதைப்பற்றுள்ள தண்டாக முதிர்கிறது. நீரையும் உணவையும் சேமித்து வைக்கும் இத்தண்டைத் தாவரவியலார் போலிக்குமிழ் என்பர். மழை ஓய்ந்தபின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. வறண்ட, குளிர்ந்த மாதங்களில் தண்டின் மேல்தோல் சுருங்கி வரிவிழும், இலைகள் பல மஞ்சளித்து உதிரும். பார்ப்பவர் செடி சாகிறது என்றே எண்ணுவர். ஆனால் அதே காலத்தில் மேற்கணுக்களின் ஓரத்தில் சிறு புடைப்புகள் தோன்றி, குளிர் விலகும்போது அவை மொட்டுகளாகப் பிரிந்து, இரண்டு மூன்று மலர்கள் கொண்ட கொத்துகளாக விரிகின்றன. இந்த வறட்சியும் குளிரும் செடிக்குக் கிடைக்காவிட்டால், அதே புடைப்புகள் மலராகாமல் இலையும் வேரும் கொண்ட குட்டிச் செடிகளாக மாறிவிடுகின்றன. பூவை எதிர்பார்த்தவரின் கையில் தண்டு முழுதும் குட்டிகளோடு ஒரு செடி எஞ்சுகிறது.

தொடக்ககாலத் தோட்டக்காரர்களுக்கு இவ்விரண்டு பருவங்களில் ஒன்று மட்டுமே தெரிந்திருந்தது. செல்வர்களின் தோட்டங்களில் ‘ஸ்டோவ்’ என்ற பெயரில் வெந்நீர்க் குழாய்களாலோ புகைக் குழாய்களாலோ ஆண்டு முழுதும் சூடாக்கப்பட்ட கண்ணாடி வீடுகள் இருந்தன. வெப்பமண்டலச் செடி எதுவாயினும் அதன் இடம் அந்த வீடே என்பது அக்காலத்து நம்பிக்கை. ஆர்க்கிட் வகைப்பாட்டின் தந்தையாகக் கருதப்படும் ஜான் லிண்ட்லி 1830-இல் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தில் வாசித்த கட்டுரையும் இந்நம்பிக்கையையே உறுதிசெய்தது. மிகுந்த வெப்பமும் நிழலும் ஈரமும் மரவாழ் ஆர்க்கிடுகளுக்கு வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். லிண்ட்லியைக் குறை கூறுவது முறையாகாது: செடிகளை நேரில் கண்டவர்கள் அனுப்பிய குறிப்புகள் தாழ்நிலக் காடுகளின் மழைக்காலத்தையே பெரும்பாலும் வருணித்தன, செடி எந்த உயரத்தில் நின்றது, மழை எப்போது நின்றது, இரவில் எவ்வளவு குளிர்ந்தது என்பதை எழுதியனுப்பியவர் சிலரே. ஆயினும் லண்டன் அறிஞரின் சொல்லுக்கிருந்த மதிப்பினால் அந்த அறிவுரை நாடெங்கும் பின்பற்றப்பட்டது, செடிகளும் வெந்து அழுகின.

மாற்றம் அறிஞர் அவையிலிருந்து வரவில்லை, தோட்டங்களில் பணிபுரிந்த தோட்டக்காரர்களிடமிருந்து வந்தது. யார்க்‌ஷயரில் ஃபிட்ஸ்வில்லியம் பிரபுவின் வென்ட்வொர்த் தோட்டத்தில் பணியாற்றிய ஜோசப் கூப்பர், தம் ஆர்க்கிட் வீட்டின் வெப்பத்தைக் குறைத்து, சன்னல்களைத் திறந்து காற்றோட்டத்தை அனுமதித்தார். மற்றவர்களிடம் வாடிய செடிகள் அவரிடம் செழித்தன. லிண்ட்லியே அவற்றைக் கண்டு வியந்து தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று. டெவன்ஷயர் கோமகனின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டனும் ஒரே வெப்பநிலையைக் கைவிட்டு, செடிகளின் தேவைக்கேற்ப வெவ்வேறு வெப்பநிலை கொண்ட தனித்தனி அறைகளை அமைக்கத் தொடங்கினார்.

பாக்ஸ்டனின் முயற்சி இந்திய மலைகளோடு நேரடித் தொடர்பு கொண்டது. சாட்ஸ்வொர்த்தின் இளம் தோட்டக்காரர் ஜான் கிப்சன் 1835-இல், இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்கச் சென்ற ஆக்லண்ட் பிரபுவின் கப்பலிலேயே கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். அங்குத் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர் நத்தானியேல் வாலிக்கின் உதவியோடு 1836-இல் காசி மலைகளிலுள்ள சிரபுஞ்சியை அடைந்த கிப்சன், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில், ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் அந்த ஊரைச் சுற்றிய காடுகளில் ஆர்க்கிடுகளைத் திரட்டினார். 1837-இல் அவர் கொண்டுவந்து சேர்த்த செடிகளுள் ஆர்க்கிட் இனங்கள் மட்டும் எண்பதுக்கு மேற்பட்டவை. கோமகனின் பெயரால் அழைக்கப்படும் டென்ட்ரோபியம் டெவோனியானம், கிப்சனின் பெயர் தாங்கிய டென்ட்ரோபியம் கிப்சோனி ஆகியன அவற்றுள் அடங்கும். கடற்பயணத்தில் செடிகள் பிழைத்ததற்குக் காரணம், நத்தானியேல் வார்ட் என்ற லண்டன் மருத்துவர் கண்டறிந்த, காற்றுப்புகாமல் மூடிய கண்ணாடிப் பெட்டி. கிப்சன் கொண்டுவந்த செடிகளைவிட அவர் கொண்டுவந்த செய்தியே பெரிது எனலாம்: உலகிலேயே மிகுதியாக மழை பெறும் அம்மலைகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை அரிது, இரவுகள் குளிர்ந்தவை, இலையுதிர்ந்த மரங்களின் ஊடே வெயில் செடிகளின்மீது நேராக விழும். செடி வெப்பமண்டலத்தது என்று அறிவது போதாது, அதன் மலையின் குளிர்காலத்தையும் அறிய வேண்டும் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

‘ஓய்வு’ என்ற கருத்து இந்நிலையில் தோட்டக்கலை நூல்களில் நிலைபெற்றது. பெஞ்சமின் சாமுவேல் வில்லியம்ஸ் 1852-இல் வெளியிட்டு, நூற்றாண்டின் இறுதிக்குள் ஏழு பதிப்புகள் கண்ட ஆர்க்கிட் வளர்ப்போர் கையேடு இதைப் பரவலாக்கியது. தண்டு முதிர்ந்து நுனியில் கடைசி இலை விரிந்ததும் நீரைக் குறைத்து, செடியைக் குளிர்ந்த, வெளிச்சமான வீட்டுக்கு மாற்றி, மொட்டு புடைத்தபின்னரே மீண்டும் வெப்பத்துக்குக் கொண்டுவருவது வழக்கமாயிற்று. தழைச்சத்து மிகுந்த உரத்தைக் கோடையின் இறுதியிலேயே நிறுத்திவிட வேண்டும் என்ற விதியும் இதே அனுபவத்தில் விளைந்தது. இலையை வளர்க்கும் சத்து தொடர்ந்து கிடைத்தால் செடி பூவை மறந்து தழைப்பதிலேயே ஈடுபடும். செடியைப் பட்டினி போடுவது கொடுமையாகத் தோன்றியதால், நல்ல மனத்தோடு நீரூற்றியவர்களே பூவை இழந்தனர்.

ஆனால் இவ்விதியும் எல்லா டென்ட்ரோபியங்களுக்கும் பொருந்தவில்லை. எதற்குப் பொருந்தும் என்பதைச் செடியின் பிறப்பிடமே சொல்லும். ஆயினும் ஆர்க்கிட் வணிகம் பெருகியபோது, போட்டியாளர் பின்தொடராதிருக்க, செடி கிடைத்த இடத்தை நிறுவனங்கள் மறைத்தன; மாற்றியும் கூறின. சாண்டர் நிறுவனத்துக்காக வில்ஹெல்ம் மிக்கோலிட்ஸ் திரட்டிய ஊதா மலர் டென்ட்ரோபியம் ஒன்று 1891-இல் லண்டனில் ஏலம் விடப்பட்டது. செடிகளுள் ஒன்று மனித மண்டையோட்டின்மீதே வேரூன்றியிருந்ததால் நாளிதழ்கள் அதைப் பெரிதாக எழுதின. நியூகினியிலிருந்து வந்தது என்று அறிவிக்கப்பட்ட அச்செடி உண்மையில் தனிம்பார் தீவுகளைச் சேர்ந்தது. குளிரற்ற தாழ்நிலத்திலிருந்து வந்த இத்தகைய செடியை நோபிலேயைப் போலக் குளிரில் வைத்தால் அது பூப்பதற்குப் பதிலாக நலிந்துவிடும். இடத்தை மறைத்த வணிகத் தந்திரம் வாங்கியவரின் குளிர்காலத்தையும் சேர்த்தே கெடுத்தது.

வெப்பநிலைக்கும் பூவுக்கும் உள்ள தொடர்பு அறிவியல் முறையில் ஆராயப்பட்டது இருபதாம் நூற்றாண்டில்தான். ஜாவாவிலும் சிங்கப்பூரிலும் சாலையோர மரங்களில்கூட வளரும் புறா ஆர்க்கிட், அதாவது டென்ட்ரோபியம் குருமெனாட்டம், ஒரு வட்டாரம் முழுவதிலும் ஒரே நாளில் வெண்ணிறமாகப் பூத்து அன்றே வாடிவிடும். 1920-களில் ஜாவாவில் ஆய்வு செய்த டச்சு அறிஞர் கோஸ்டர் காட்டியது இது: மொட்டுகள் ஓரளவு வளர்ந்தபின் உறங்கிக் கிடக்கின்றன, இடிமழை காற்றின் வெப்பத்தைத் திடீரென ஐந்து பாகை அளவுக்குக் குறைக்கும்போது விழித்தெழுந்து, ஏறக்குறைய ஒன்பதாம் நாளில் விரிகின்றன. செடியை எழுப்பியது நீரன்று, குளிர்ச்சியே. நோபிலேயின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. அங்கே குளிர் மொட்டை எழுப்புவதில்லை, மொட்டையே உருவாக்குகிறது. 1952-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கவினோ ரோட்டர் வெளியிட்ட ஆய்வின்படி, 13 பாகை செல்சியசில் வைத்த நோபிலே பகல் நீண்டதாயினும் குறுகியதாயினும் பூத்தது; 18 பாகையில் வைத்தது பூக்கவில்லை. நூறாண்டுக்கு முன் வென்ட்வொர்த்தில் சன்னலைத் திறந்து வைத்த தோட்டக்காரரின் கைப்பழக்கத்துக்கு இவ்வாறு எண்ணளவு கிடைத்தது.

அதே காலத்தில் மேலைநாட்டு வீடுகள் மாறின. கணப்பில் நெருப்பு அணைந்ததும் குளிர்ந்துவிடும் பழைய அறைகளில், நோபிலேக்கு வேண்டிய குளிரிரவுகள் கேளாமலே கிடைத்தன. வீடு முழுவதையும் இரவும் பகலும் ஒரே சீராகச் சூடாக்கும் மையவெப்ப அமைப்பு பரவியபின், பதினெட்டு பாகைக்குக் கீழிறங்காத அறையில் அச்செடி ஸ்டோவ் காலத்துப் பிழையை மீண்டும் அனுபவிக்க நேர்ந்தது. ஜப்பானில் நோபிலே கலப்பினங்களை உருவாக்கிய யமமோட்டோ ஜிரோவின் வழிவந்த செடிகள் உலகெங்கும் விற்பனையாகின்றன. அந்நாட்டு வளர்ப்போர், சந்தைக்குரிய நாளுக்குள் மொட்டு வர வேண்டித் தொட்டிகளை மலைப்பகுதிக்கு ஏற்றிச் சென்று குளிர்காட்டும் முறையையும் கையாண்டனர்.

தமிழ்நாட்டில் குளிர் வேண்டும் டென்ட்ரோபியங்களும் குளிரற்ற தாழ்நிலத்து டென்ட்ரோபியங்களும் ஒரே நாற்றங்காலில் அருகருகே விற்கப்படுகின்றன. பூங்கொத்துகளில் காணப்படும் ஊதாவும் வெண்மையும் கலந்த சோனியா, வெப்பநிலத்து இனங்களின் வழிவந்த கலப்பினம்; போதிய வெளிச்சம் கிடைத்தால் சென்னை மாடியிலும் அது பூக்கும். சிக்கிமிலிருந்தோ கலிம்போங்கிலிருந்தோ வரும் நோபிலேக்குச் சென்னையின் மார்கழி இரவும் போதிய குளிரன்று. அதனால் அங்கு அது குட்டிகளை ஈன்றபடியே பல ஆண்டுகள் வாழக்கூடும். இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் அமைந்துள்ள ஏற்காட்டிலும், உதகையிலும் கொடைக்கானலிலும் அதற்குரிய இரவுகள் உள்ளன. அங்குள்ள வீடுகளில் தை மாதம் முடியும்வரை நீரைச் சுருக்கி, வெயில் படும் சன்னலோரத்தில் அதை விட்டுவைப்பதே செய்ய வேண்டிய வேலை.