வாகனத் தரிப்பிடத்தின் மேல் நூறு வீடுகள்: நகரின் வெற்றிடங்களும் மரக் கட்டடங்களும்

வீட்டுப் பிரச்சினை பற்றிப் பேச்செடுத்தால், 'நகரத்தில் நிலம் இல்லை' என்ற பதில்தான் முதலில் வரும். லண்டனில் வாடகை வீட்டில் வாழும் எனக்கு அது பழகிப்போன பதில். ஆனால் இதே நகரத்தில் ரயில் பாதையோரத் துண்டு நிலங்கள், மூடிக்கிடக்கும் பட்டறைகள், இரவில் வெறிச்சோடும் வாகனத் தரிப்பிடங்கள், தட்டையான கூரைகள் என்று எத்தனையோ இடங்கள் வீணே கிடக்கின்றன. அவற்றில் கொங்கிறீற்றால் கட்டுவதுதான் கடினம். நிலத்தின் கீழே சுரங்கம் ஓடும். பாரவூர்தி நுழைய வழி இராது. பழைய அத்திவாரம் புதிய பாரத்தைத் தாங்காது. இப்படியான இடங்களுக்கு மரம் பொருந்துமா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இங்கு மரம் என்று நான் சொல்வது நம் ஊர் வீடுகளின் பனை வளைகளையோ, பலா மரக் கதவு நிலைகளையோ அல்ல. ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரப் பலகைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி, பசையிட்டு அழுத்திச் செய்யும் தடித்த பாளங்களையே சொல்கிறேன். 1990களில் ஒஸ்ரியாவிலும் ஜேர்மனியிலும் வளர்ந்த முறை இது. சுவரும் தளமும் தொழிற்சாலையிலேயே அளவாக வெட்டப்பட்டு, ஜன்னல், கதவுக்கான இடைவெளிகளுடன் வந்து சேரும். கட்டுமிடத்தில் அவற்றைப் பாரந்தூக்கியால் நிறுத்தித் திருகாணியால் பூட்டினால் போதும்.

லண்டன், ஹக்னியில் உள்ள மரி குரோவ் தொடர்மாடி இதற்கு முன்னோடி. 2009இல் நிறைவுற்ற இந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில் 29 வீடுகள் உள்ளன. தரைத்தளம் மட்டும் கொங்கிறீற். அதற்கு மேலுள்ள எட்டு மாடிகளின் மரக் கூட்டை நான்கு தச்சர்கள் 27 வேலைநாட்களில் நிறுத்தி முடித்தார்கள்.

அதே ஹக்னியில் 2017இல் நிறைவுற்றது டால்ஸ்டன் வேர்க்ஸ். பத்து மாடிகள், 121 வீடுகள். முன்பு வேறு தேவைக்குப் பயன்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட நிலம் அது. நிலத்தடி ரயில் பாதைகளின் காரணமாக அங்கு ஏற்றக்கூடிய பாரத்துக்கு வரையறை இருந்தது. ஒரு கன மீற்றர் கொங்கிறீற் சுமார் 2,400 கிலோ எடை கொண்டது. இந்த மரப்பாளமோ 500 கிலோவுக்கும் குறைவு. கொங்கிறீற்றில் கட்டியிருந்தால் மாடிகளைக் குறைத்திருக்க வேண்டும். வெளிப்புறம் செங்கல் என்பதால், தெருவில் போகிறவருக்கு அது மரக் கட்டடமென்று தெரியவே தெரியாது.

எனக்கு அதிகம் பிடித்த உதாரணம் ஜேர்மனியின் மியூனிக் நகரில் இருக்கிறது. டான்டேபாட் என்ற பொது நீச்சல் தடாகத்துக்கு எதிரேயுள்ள வாகனத் தரிப்பிடத்தின் மேல், கொங்கிறீற் தூண்களை எழுப்பி, அவற்றின் மீது மரத்தாலான நூறு சிறிய வீடுகளை 2016இல் அமைத்தார்கள். வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் புளோரியான் நாக்லர். கட்டுவித்தது நகரின் பொது வீடமைப்பு நிறுவனம். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும், தஞ்சம் ஏற்கப்பட்ட அகதிகளுக்கும் வீடு கொடுப்பதே நோக்கம். கீழே கார்கள் முன்போலவே நிற்கின்றன. நிலம் வாங்கும் செலவும் இல்லை, எவரையும் எழுப்பி வெளியேற்றவும் இல்லை. அகதியாக வந்து வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் நம்மவரில் பலர். இதன் அருமை அவர்களுக்குப் புரியும்.

சூழல் சார்ந்த நியாயமும் உண்டு. வளரும் மரம் காற்றிலிருந்து எடுத்த காபனைத் தன்னுள் வைத்திருக்கிறது. ஒரு கன மீற்றர் ஊசியிலை மரத்தில் உள்ள காபன், ஏறத்தாழ முக்கால் தொன் காபனீரொக்சைட்டுக்குச் சமன். சீமெந்து உற்பத்தியோ அந்த வாயுவைப் பெருமளவில் வெளியேற்றுகிறது. ஆனால் இந்தக் கணக்கு சரிவர மூன்று விடயங்கள் வேண்டும்: வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர வேண்டும், கட்டடம் பல பத்தாண்டுகள் நிலைக்க வேண்டும், இடிக்கும்போது பலகையை எரிக்காமல் மீண்டும் பயன்படுத்த வேண்டும். ஒன்று தவறினாலும் 'பசுமைக் கட்டடம்' என்பது விளம்பரச் சொல்லாகிவிடும்.

எல்லோரும் கேட்கும் கேள்வி தீ. தடித்த மரப்பாளம் விறகைப் போலச் சட்டென்று எரிந்து போவதில்லை. மேற்பரப்பு கரியாகி, அந்தக் கரியே உள்ளிருக்கும் மரத்தைக் காக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீற்றர் வீதம் கரியாகும் என்று கணக்கிட்டு, ஒரு மணிநேரத்துக்கு 40 மில்லிமீற்றர் அளவில் தடிப்பைக் கூட்டிப் பொறியியலாளர்கள் வடிவமைப்பார்கள். எனினும் பசை வெப்பத்தில் இளகினால் கரிந்த அடுக்கு கழன்று விழும். புதிய மரம் வெளிப்பட்டுத் தீ மறுபடி மூளும். ஆகவே பசையின் தரமும், சுவரை மூடும் ஜிப்சம் பலகையும், நீர் தெளிகருவியும் கட்டாயத் தேவைகள்.

2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீ 72 உயிர்களைப் பறித்தது. அது கொங்கிறீற் கட்டடம். தீ பரவக் காரணம் வெளிப்புறத்தில் பொருத்திய, பொலிஎதிலீன் அடங்கிய உறைப்பலகைகள். ஆயினும் அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் வந்த தடை, 18 மீற்றருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருட்கள் எல்லாவற்றையும் விலக்கியது. தாங்குசுவராக நிற்கும் மரப்பாளமும் அதில் அடங்கியது. மரி குரோவை இன்று அதே வடிவில் கட்ட முடியாது. மரத்துக்கும் உறைப்பலகைக்கும் வேறுபாடு காட்டாத விதி என்று கட்டடக் கலைஞர்கள் குறைப்படுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் மலிவு வீட்டில் குடியேறுபவர் தன் சுவர் எதனால் ஆனது என்று தெரிவு செய்பவர் அல்லர். அவர் சார்பில் சட்டம் கடுமையாக இருப்பதையே நான் ஏற்கிறேன்.

தீக்கு அடுத்த எதிரி ஈரம். மரத்தின் ஈரப்பதம் 20 வீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பிடித்து உக்கத் தொடங்கும். குளியலறைக் குழாயின் சிறு கசிவு சுவருக்குள் மறைந்திருந்தால் போதும். நம் நாட்டைப் போன்ற இடங்களில் மழையோடு கறையானும் சேர்ந்துகொள்ளும் என்பதால் ஐரோப்பிய முறையை அப்படியே கொண்டுபோய்ப் பொருத்த முடியாது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், மரம் வானளாவும் கோபுரங்களுக்கான போட்டியில் வெல்ல வேண்டியதில்லை. நான்கைந்து மாடி உயரத்தில், தரிப்பிடங்களின் மேலும் பழைய கூரைகளின் மேலும் ரயில் பாதையோரத் துண்டு நிலங்களிலும் அதற்கு இடம் இருக்கிறது. டான்டேபாட்டில் வடிவமைப்புக்கு இணையாக முக்கியமானது, அந்தத் தரிப்பிடம் நகரத்தின் கையில் இருந்தது என்பது. உங்கள் நகரசபையிடம் அப்படி எத்தனை தரிப்பிடங்கள் இருக்கின்றன என்று கேட்பதிலிருந்தே இந்த வேலை தொடங்க வேண்டும்.